சொந்த விதை, சொந்த எண்ணெய், சொந்த டீசல்: நடக்கிற காரியமா?

ஜூன் 4, காலை (வந்த கேள்வி)

நிலம் இருக்கிறது, பழைய டிராக்டர் இருக்கிறது. ஒரு பகுதியில் சூரியகாந்தி போட்டு, எண்ணெய் ஆட்டி, அதை பயோடீசலாக்கி ஓட்டினால் இனி டீசலே வாங்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறேன். உணவகங்களில் கழிக்கும் எண்ணெயை வாங்கிச் செய்வது அழுக்கு வேலை, அது எனக்கு வேண்டாம். ரசாயனம் தெரியாது, கற்றுக்கொள்வேன். என் கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

ஓட்டை இருக்கிறது. ரசாயனத்தில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது வயலிலும் புண்ணாக்கிலும்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டிராக்டர் ஓடும், அதில் சந்தேகமே வேண்டாம். 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். சத்தமில்லாமல் ஒழுங்காக ஓடியதால் உள்ளே என்ன எண்ணெய் என்பது சிலருக்குத்தான் தெரிந்ததாம். ருடால்ஃப் டீசலே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டுவது நீடிக்காது. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக். சமையல் எண்ணெய்க்கு அதே சூட்டில் 30, 40 என்று வரும். இன்ஜெக்டர் அதைப் பனிபோலத் தூவ முடியாமல் துளித்துளியாகப் பீய்ச்சும். எரியாமல் மிஞ்சியது முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் வளையங்களில் ஒட்டும், இன்ஜின் ஆயிலில் இறங்கி அதையும் கூழாக்கும். பயோடீசலாக்கினால் பாகுத்தன்மை 4, 5 என்று இறங்கிவிடுகிறது. இவ்வளவு ரசாயன வேலையும் அதற்காகத்தான்.

ஜூன் 5

ரசாயனம் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரின் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவது. மெத்தனால் வந்து கிளிசரினைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சங்கிலியோடும் தான் சேர்ந்துகொள்கிறது. காஸ்டிக் சோடாவோ காஸ்டிக் பொட்டாஷோ அதை வேகப்படுத்தும் ஊக்கி. 100 கிலோ எண்ணெயும் 11 கிலோ மெத்தனாலும் உள்ளே போனால் சுமார் 100 கிலோ பயோடீசலும் பத்துப் பதினொரு கிலோ கிளிசரினும் வெளியே வரும்.

கன அளவில் பார்த்தால் எண்ணெயில் 13 சதவீத மெத்தனால் போதும் போலத் தோன்றும். ஆனால் இந்த வினை இரு பக்கமும் ஓடக்கூடியது. முன்னோக்கித் தள்ள மெத்தனால் உபரியாக இருக்க வேண்டும். எல்லோரும் 20 முதல் 25 சதவீதம் வரை ஊற்றுகிறார்கள், நான் 20, 22க்குள் நிறுத்துகிறேன். சூடு 55 டிகிரி, நல்ல கலக்கல், ஒன்று முதல் இரண்டு மணி நேரம். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும், அதனால் 60ஐத் தாண்ட வேண்டாம். அப்புறம் ஓரிரவு விட்டால் அடியில் கிளிசரின் கருப்பாகத் தங்கும், மேலே பொன்னிறத்தில் பயோடீசல் நிற்கும்.

இவ்வளவுதான். நிஜமாகவே இவ்வளவுதான். ஒரு லிட்டர் புது எண்ணெயை வைத்து முதல் தடவையே யாரும் செய்துவிடலாம். அதனால்தான் பலர் அடுத்த வாரமே 200 லிட்டர் டிரம் வாங்கி வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேனோ என்று தோன்றியது. மெத்தனாலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அதன் சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். 11, 12 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். உள்ளே போனதை உடல் ஃபார்மிக் அமிலமாக்கும், பார்வை நரம்பு கெடும், அளவு கூடினால் உயிரே போகும். கரித்தூள் முகமூடி போட்டிருக்கிறேன் என்று தைரியமாக நிற்காதீர்கள், அந்த வடிகட்டி மெத்தனால் ஆவியில் சீக்கிரமே நிறைந்துவிடும். திறந்த வெளி, மூடிய பாத்திரம், காற்று வரும் பக்கத்தில் ஆள், இவைதான் பாதுகாப்பு. கேஸ் அடுப்பு பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. கலக்கும் மோட்டாரில் தீப்பொறி வரக் கூடாது.

காஸ்டிக்கை மெத்தனாலில் கரைக்கும்போது கலவை தானாகவே சூடேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் ஒருநாளும் வேண்டாம், காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளிவிடும். துருப்பிடிக்காத எஃகு நல்லது, கெட்டியான எச்டிபிஈ பிளாஸ்டிக்கும் சரி. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் நான் அங்கிருந்து கிளம்பிவிடுவேன், நட்பு வேறு இது வேறு.

ஜூன் 8

"அழுக்கு வேலை" என்று நீங்கள் ஒதுக்கிய கழிவு எண்ணெய்க்கு வருகிறேன். அழுக்குதான், மறுக்கவில்லை. வீட்டில் என் வேலைச் சட்டைக்குத் தனிக் கொடி. ஆனால் உழவில்லை, விதையில்லை, உரமில்லை, ஆட்டுக்கூலி இல்லை. யாரோ ஏற்கெனவே பயன்படுத்தி முடித்த பொருள் அது. எரிபொருள் என்ற ஒரே கண்ணோட்டத்தில் பார்த்தால் அதற்குப் போட்டியே கிடையாது.

அதில் இரண்டு எதிரிகள்: தண்ணீர், அமிலம். இரண்டுமே எண்ணெயைச் சோப்பாக்கும்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் இருக்கிறது. கொதிக்கவைத்து நீரைப் போக்கலாம் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பெரிய டிரம்மில் அடியில் தேங்கிய நீர் திடீரென ஆவியாகிக் கொதி எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும். 60 டிகிரிக்குச் சூடேற்றி, அசையாமல் ஒரு நாள் விட்டு, அடியில் இறங்கிய நீரையும் கசடையும் குழாய் திறந்து வடித்துவிடுவேன். மிச்ச ஈரத்துக்கு, பம்ப் போட்டு எண்ணெயை மேலிருந்து பூவாளி மாதிரித் தூவி ஓட்டினால் காற்றே எடுத்துக்கொள்ளும்.

அமிலம் எவ்வளவு என்று அளக்க டைட்ரேஷன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்ததேதான். ஒரு கிராம் காஸ்டிக் சோடாவை ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள் (பேட்டரியில் ஊற்றும் சுத்த நீர், ஆசிட் அல்ல). பத்து மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு மில்லி எண்ணெய், இரண்டு சொட்டு பினாப்தலீன். காஸ்டிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு வந்து பதினைந்து, இருபது நொடி நிற்க வேண்டும். எத்தனை மில்லி பிடித்ததோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் காஸ்டிக் கூடுதல். ஆல்கஹாலிலேயே அமிலம் இருக்கலாம். எண்ணெய் விடுவதற்கு முன்பே அதை இளஞ்சிவப்பாக்கிவிட்டுத் தொடங்கினால் கணக்கு சுத்தமாக வரும்.

3 மில்லி பிடித்தால் எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் சுமார் 2.3 சதவீதம். அதுவரை பிரச்சினையில்லை. 5, 6 என்று போனால் போட்ட காஸ்டிக் பாதிக்கு மேல் சோப்பாகிவிடும். சோப்பு தான் மட்டும் போகாது, கூடவே நல்ல பயோடீசலையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட எண்ணெய்க்கு முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அமிலத்தையே எஸ்டராக்கும், அதாவது பயோடீசலாக மாற்றும் முறை உண்டு. தொழிற்சாலைக்காரர்கள் செய்யட்டும். நான் அந்த டிரம்மைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜூன் 9

ஒருவர் கேட்டார்: "புது எண்ணெய்க்கு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?"

ஆமாம், விட்டுப்போச்சு. பழைய குறிப்புகளில் 3.5 கிராம் காஸ்டிக் சோடா என்று இருக்கும். இப்போது பெரும்பாலோர் 5 என்கிறார்கள். நானும் 5தான், அதன் மேல் டைட்ரேஷன் அளவு. காஸ்டிக் பொட்டாஷ் என்றால் 1.4 மடங்கு, அதாவது 7 கிராம். பொட்டாஷ் பெரும்பாலும் 90 சதவீதச் சுத்தம்தான், அதற்கும் சேர்த்துக் கூட்டிப் போட வேண்டும். இரண்டுமே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது எடை உங்களை ஏமாற்றும்.

ஜூன் 15

சரி, வயலுக்கு வருவோம். இதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், பதில் எனக்கே நேராக இல்லை.

ஒரு ஹெக்டேரில் ஒன்றரை டன் சூரியகாந்தி விதை வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். விதையில் எண்ணெய் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும், ஆனால் சின்ன எக்ஸ்பெல்லரில் (எண்ணெய் பிழியும் இயந்திரம்) அத்தனையும் வராது. புண்ணாக்கில் பத்து சதவீதம் போல மிஞ்சும். கையில் கிடைப்பது 500 கிலோ, அதாவது 540 லிட்டர் எண்ணெய். கூடவே ஒரு டன் புண்ணாக்கு. கவனியுங்கள்: எடையில் மூன்றில் இரண்டு பங்கு புண்ணாக்கு. நாம் எண்ணெய் விளைவிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், வயல் விளைவிப்பது தீவனம்.

உழவு, விதைப்பு, அறுவடை எல்லாம் சேர்த்து ஹெக்டேருக்கு 80 லிட்டர் டீசல் பிடிக்கிறது என்றால், ஒரு ஹெக்டேர் எண்ணெய் ஆறேழு ஹெக்டேருக்கு ஓடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தழைச்சத்து உரத்துக்குள் எவ்வளவு எரிபொருள் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேருங்கள், மெத்தனாலையும் சேருங்கள். மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. அதை வயலில் அறுக்க முடியாது. "டீசலே வாங்க வேண்டியதில்லை" என்றீர்களே, ஒவ்வொரு 100 லிட்டருக்கும் 20 லிட்டர் மெத்தனால் வாங்கத்தான் வேண்டும். மிஞ்சியதை வடித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்தினாலும் வினையில் செலவான 13 லிட்டர் போனது போனதுதான்.

நல்ல எண்ணெயை உணவாக விற்றுவிட்டு, வந்த பணத்தில் டீசல் வாங்கினால் லாபமா என்று பாருங்கள். பெரும்பாலான வருடங்களில் ஆம் என்றே வரும். அப்புறம் ஏன் சிலர் இதை விடாமல் செய்கிறார்கள்? அவர்களைக் கவனித்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லோர் வீட்டிலும் மாடு, பன்றி, கோழி ஏதாவது இருக்கிறது. புண்ணாக்கு வெளியே போவதில்லை. தீவனச் செலவு மிச்சமாகிறது, எண்ணெய் அவர்களுக்கு உபரிப்பொருள். மாடு இல்லாதவர் செய்தால் புண்ணாக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு எண்ணெயை அழகு பார்த்துக்கொண்டிருப்பார்.

உங்களிடம் கால்நடை உண்டா? கேள்வியில் அது இல்லை.

ஜூன் 16

பதில் வந்தது: "இல்லை. ஆனால் ஆமணக்கு போட்டால்? காட்டாமணக்கு போட்டால்? தரிசிலேயே வருமே."

இரண்டின் புண்ணாக்கையும் எந்த மிருகத்துக்கும் கொடுக்க முடியாது. ஆமணக்கில் ரைசின் விஷம், காட்டாமணக்கில் ஃபோர்பால் எஸ்டர்கள் என்ற விஷம். உரமாகத்தான் போடலாம், அதையும் நாய் தின்னாதபடி மண்ணில் புதைத்து. ஆக என் புண்ணாக்குக் கணக்கு முதலிலேயே அடிபட்டுப்போகிறது.

ஆமணக்கில் எண்ணெய் நிறைய, 45 முதல் 50 சதவீதம் வரை. ஆனால் அதன் முக்கிய அமிலமான ரிசினோலிக்கில் ஒரு ஹைட்ராக்சில் கூடுதலாக ஒட்டியிருப்பதால் பயோடீசலாக்கிய பிறகும் கெட்டியாகவே நிற்கும். பயோடீசலுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 14214 கேட்கும் பாகுத்தன்மை 3.5 முதல் 5 வரை. ஆமணக்கு பயோடீசல் அதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். மருந்துக்கும் மசகுக்கும் நல்ல எண்ணெய், டிராக்டருக்கு அது வேண்டாம். காட்டாமணக்கு "தரிசில் வரும்" என்பது உண்மை. தரிசில் உயிரோடு இருக்கும். காய்க்க வேண்டுமென்றால் அதுவும் தண்ணீரும் உரமும் கேட்கிறது. 2000களில் பல நாடுகளில் இதை நம்பி ஏராளமாக நட்டுவிட்டு, எதிர்பார்த்த விளைச்சல் வராமல் கைவிட்டார்கள்.

சோயா? விதையில் 18, 20 சதவீதம்தான் எண்ணெய், சின்ன எக்ஸ்பெல்லரில் இன்னும் குறையும். ஆனால் அதன் புண்ணாக்கு ராஜா. ஆளிவிதை வேண்டவே வேண்டாம், அது காற்றுப் பட்டால் பிசினாக உலரும் எண்ணெய். பெயிண்ட்டுக்குப் போகட்டும்.

ஜூன் 21

செய்த பயோடீசலில் தங்கிய சோப்பையும் மெத்தனாலையும் போக்கத் தண்ணீரால் கழுவுவார்கள். அதை எப்படிக் கழுவுவது என்று நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் "பனிபோல மெதுவாகத் தண்ணீர் தெளி, இல்லாவிட்டால் மயோனைஸ் மாதிரிக் கூழாகிவிடும்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "நன்றாகக் குலுக்கு" என்கிறார்கள்.

ரொம்ப நாள் நான் முதல் கட்சி. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது கட்சிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறேன். காரணம் எளிது: வினை முழுமையாக முடிந்திருந்தால், சோப்பு குறைவாக இருந்தால், எவ்வளவு குலுக்கினாலும் அரை மணி நேரத்தில் தெளிவாகப் பிரிகிறது. கூழாகிறது என்றால் பாதி மாறி நின்ற கிளிசரைடுகள் உள்ளே இருக்கின்றன, அல்லது சோப்பு அதிகம். மெதுவாகக் கழுவினால் அந்த நோய் வெளியே தெரியாது, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் தெரியும். அதனால் இப்போது ஒவ்வொரு முறையும் பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றி வெறித்தனமாகக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் கழுவுகிறேன்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல், 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலான சூட்டில். பயோடீசல் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் சொட்டாக நிற்கும். சொட்டு தெரிந்தால், கிளிசரினை வடித்துவிட்டுக் கொஞ்சம் மெத்தனாலும் காஸ்டிக்கும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சிலர் முதலிலிருந்தே 80 பங்கு ஒரு தடவை, 20 பங்கு இன்னொரு தடவை என்று பிரித்தே செய்கிறார்கள். நடுவில் கிளிசரின் போய்விடுவதால் வினை பின்னோக்கி ஓட ஆளில்லை. நல்ல யோசனை.

கழுவி முடித்ததைக் காயவைக்க வேண்டும். பாட்டிலுக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்துப் படிக்க முடிந்தால் போதும் என்பது என் அளவுகோல். மங்கலாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது.

ஜூன் 22

"கழுவிய தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? மீன் குளத்தில் விடலாமா?"

மீன்களைப் பிடிக்காது என்றால் விடலாம். சோப்பும் காரமும் மெத்தனாலும் உள்ள தண்ணீர் அது. நான் காரத்தை அமிலத்தால் முறித்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, திறந்த தொட்டியில் ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேற்றுகிறேன். குளம், கிணறு, ஓடை எதன் பக்கமும் இல்லை.

ஜூலை 3

கிளிசரின் விற்றுப் பணமாக்கலாம் என்று கனவு காண்கிறவர்களுக்கு: உங்கள் டிரம்மின் அடியில் இருப்பது கிளிசரின், சோப்பு, மிச்சக் காரம், மெத்தனால் எல்லாம் கலந்த கருங்குழம்பு. மருந்துக்கடைக் கிளிசரினாக அதை மாற்றும் செலவில் மருந்துக்கடையிலேயே வாங்கிவிடலாம். உபரி மெத்தனாலில் பெரும்பகுதி இந்தக் குழம்புக்குள்தான் தங்கும். அதனால் மூடியைத் திறந்து போட்டுக் "கை கழுவும் சோப்பு" என்று பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

விவசாயி என்றால் காஸ்டிக் சோடாவை விட்டுப் பொட்டாஷுக்கு மாறுங்கள் என்பேன். கிளிசரின் உறையாமல் ஒழுகும், வடிப்பது எளிது. காரத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் முறித்தால் கிடைக்கும் உப்பு பொட்டாசியம் பாஸ்பேட், அது உரம். சோடியத்தை மண்ணில் கொட்டினால் மண்தான் கெடும். மெத்தனாலை நீக்கிய கிளிசரினை எருக்குழியில் வைக்கோலோடு கலந்து அளவாகப் போடலாம், கிருமிகள் விரும்பித் தின்னும்.

ஜூலை 19

டிராக்டர் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து டீசல் ஃபில்டரை அடைக்கும். "பயோடீசல் இன்ஜினைக் கெடுத்துவிட்டது" என்ற கதைகளில் பல, அடைத்த ஃபில்டரின் கதைகள். ஒரு ஃபில்டர் கையில் இருக்கட்டும். இயற்கை ரப்பர் ஹோஸ்கள் ஊதி மெத்தென்றாகும், விட்டான் வகைச் செயற்கை ரப்பர் குழாய்க்கு மாற்றுங்கள். செம்பு, பித்தளை இணைப்புகளை எடுத்துவிடுங்கள், செம்பு எண்ணெயைச் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும்.

லிட்டருக்கு எட்டு, ஒன்பது சதவீதம் ஆற்றல் குறைவு. ஏற்றத்தில் கொஞ்சம் தெரியும், மற்றபடி எனக்குத் தெரிந்ததில்லை. புகை குறையும், பம்புக்கு மசகு கூடும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் கொஞ்சம் ஏறும். இதெல்லாம் பழைய பம்ப் உள்ள இன்ஜினுக்கு. காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் எரிபொருள் பீய்ச்சும் புது முறை), புகைபோக்கியில் துகள் வடிகட்டி என்று இருக்கும் புது வண்டியில் வீட்டுத் தயாரிப்பை ஊற்ற நான் துணியமாட்டேன். வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய உள்ளே பீய்ச்சும் எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டீசல் அதிலிருந்து ஆவியாகிப் போய்விடும், பயோடீசல் போகாது.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பக்கத்தில் பால் மாடு வைத்திருப்பவரோடு பேசினாராம். விதையை இவர் போட்டு, ஆட்டிய புண்ணாக்கை அவர் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எருவும் கொஞ்சம் பணமும் தருவதாகப் பேச்சு. "இப்போது என் கணக்கு சரியா?" என்கிறார்.

முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். மாடு இல்லாதவர் செய்தால் நிற்காது என்கிற மாதிரி ஜூன் 15இல் எழுதியிருந்ததை இப்போது கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன், மாடு உங்கள் தொழுவத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் முதல் வருடம் சூரியகாந்தி எண்ணெயை உணவுக்கு விற்றுவிட்டு, கழிவு எண்ணெயில் கை பழகுங்கள். சட்டை அழுக்கானால் ஆகட்டும். எண்ணெயை ஆட்டியதும் அப்படியே வினைக்கு எடுக்காதீர்கள், அதில் பசைப் பொருளான பாஸ்போலிப்பிடுகள் இருக்கும். கொஞ்சம் வெந்நீர் கலந்து கிளறி, இறங்கவிட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுத்துக் காயவையுங்கள்.

ஆகஸ்ட் 12

அவரே கேட்டது: "ஒரே அறுவடை, வருடம் முழுக்க ஓட்டணும். பயோடீசலாக்கியே சேமித்து வைக்கலாமா?"

வேண்டாம். விதையாகவே வையுங்கள், நன்றாகக் காய்ந்த விதைதான் இருப்பதிலேயே நல்ல டேங்க். தேவைக்கேற்ப ஆட்டி, தேவைக்கேற்பச் செய்யுங்கள். சூரியகாந்தி பயோடீசல் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும் வகை, அதன் அயோடின் எண் (எவ்வளவு எளிதில் காற்றில் கெடும் என்பதைக் காட்டும் அளவு) ஐரோப்பியத் தரத்தின் உச்ச வரம்பான 120ஐத் தாண்டும். செய்ததை நிழலில், விளிம்பு வரை நிரப்பிய மூடிய டிரம்மில் வைத்து, ஆறு மாதத்துக்குள் ஓட்டி முடித்துவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள், குவியலுக்குள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் உள்ள வாளியில் போட்டு மூடுங்கள், அல்லது ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள்.